தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் ஏறியவர்கள் யார்?

(மதுரையில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'ஒரு கைவிடப்பட்ட ரயில் நிலையத்தின் வரலாறு' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். உள்ளே வரும்போது ஒரு தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சாதி ஒழிப்பு மேடையில ரயில்வே ஸ்டேஷனுக்கு என்ன தோழர் வேலை?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த முக்கால் மணி நேரம்.

நான் பேசப்போவது தனுஷ்கோடி ரயில் நிலையம் பற்றி. உங்களில் பாதிப் பேர் போயிருப்பீர்கள். கல்லூரிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள், நண்பர்களோடு பைக்கில் போயிருப்பீர்கள். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்ட பிறகு மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். அங்கே இடிந்த தேவாலயம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, செங்கல் தெரியும் ரயில் நிலையச் சுவர் இருக்கிறது. பக்கத்தில் சங்கும் சிப்பி மாலையும் விற்கும் கடைகள். அந்தச் சுவரில் சாய்ந்து நின்று எல்லோரும் போட்டோ எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன்.

அங்கே இரண்டு கதைகள் சொல்கிறார்கள். ஒன்று ராமர் கதை. வில்லின் நுனியால் பாலத்தை உடைத்த இடம் இது, அதனால்தான் தனுஷ்கோடி என்பார்கள். இன்னொன்று புயல் கதை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும் நேரத்தில் கடல் அடித்துக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூறுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அரசு அந்த ஊரை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. அதோடு நிலையமும் முடிந்தது.

புயல் கதை உண்மைதான். செத்தவர்களுக்காக நாம் துக்கப்பட வேண்டும். ஆனால் அந்த நிலையம் ஒரே இரவில் செத்தது, அதற்கு முன்னால் ஐம்பது வருடம் வாழ்ந்தது. அந்த ஐம்பது வருடத்தில் அங்கே யார் வந்தார்கள், யார் போனார்கள்? இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யூடியூபில் தேடிப் பாருங்கள். 'பேய் நகரம்' என்று நூறு வீடியோ வரும். அந்தப் பேய்களுக்கு ஊர் எது, தெரு எது என்று ஒரு வீடியோவும் சொல்லாது.

முதலில் நிலையம் எப்படி வந்தது என்று பார்ப்போம். தென்னிந்திய ரயில்வேயின் பாதை 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தூத்துக்குடி வரை போனது. அந்தக் காலத்தில் கொழும்புக்குக் கப்பல் தூத்துக்குடியிலிருந்துதான். 1902இல் மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபத்துக்குப் பாதை போட்டார்கள். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதோடு ரயில் நேராகத் தனுஷ்கோடித் துறைமுகம் வரை போனது. ரயிலை விட்டு இறங்கினால் எதிரே நீராவிக் கப்பல். இரண்டு மணி நேரச் சொச்சத்தில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். இதுதான் புகழ்பெற்ற போட் மெயில்.

போட் மெயில் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கோட்டுப் போட்ட துரை, நகரத்தார் வணிகர், கொழும்பில் வக்கீல் தொழில் பார்ப்பவர், கச்சேரிக்குப் போகும் வித்துவான். எழுதி வைத்தவர்கள் அவர்கள்தான், அதனால் அவர்கள் பயணம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் கடலைக் கடந்து இவ்வளவு தூரம் பாதை போட வேண்டிய தேவை இவர்களால் மட்டும் வரவில்லை. இலங்கை மலைகளில் தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கத்து வறண்ட கிராமங்களில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர் தெருக்களைச் சேர்ந்தவர்கள். கள்ளர், அகம்படியர், வெள்ளாளர் உள்ளிட்ட மற்ற சாதியினரும் போனார்கள். ஆனால் மலையேறியவர்களில் அதிகம் நம்முடைய சேரிக்காரர்கள்தான்.

ரயில் வருவதற்கு முன் அவர்கள் எப்படிப் போனார்கள் தெரியுமா? தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் பாம்பனுக்கும் நடந்தே போய், தோணியேறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1899இல் அந்தப் பாதையை மூடினார்கள். ரயில் வந்தபிறகு அந்தச் சாவு குறைந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ரயிலில் அவர்கள் எப்படிப் போனார்கள்? இங்கே ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகர டிக்கெட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு தகர வில்லை, அதில் தோட்டத்தின் பதிவு எண். அது இருந்தால் கூலியாள் கையில் காசு இல்லாமலே தோட்டம் வரை போகலாம். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் ஏற்றும். கங்காணி அதைக் கூலியாளின் கடனில் ஏற்றுவார். டிக்கெட் இலவசம் மாதிரித் தெரியும், ஆனால் மலையில் இறங்கும்போதே கடனோடுதான் இறங்குவார்கள். அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதென்றால் 'துண்டு' வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டிவிட்டால் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

தனுஷ்கோடிக்கு முன்னால் மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம். மலைக்குப் போகும் கூலிகளை அங்கே இறக்கி, நாள் கணக்கில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணிகளைக் கிருமிநீக்கம் செய்து, காய்ச்சல் இல்லை என்று தெரிந்தபிறகே தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். அதே போட் மெயிலில் வந்த உயர் வகுப்புப் பயணி அங்கே நாட்களைக் கழிக்க வேண்டியதில்லை. நோய்க்கு வகுப்பு தெரியாது, முகாமுக்குத் தெரியும்.

இன்றைக்கும் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் போனால் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்ப்பீர்கள். 'மண்டபம் கேம்ப்'. யாருடைய கேம்ப், எதற்கான கேம்ப் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பலகைதான் இந்த வரலாற்றில் இன்னும் துருப்பிடிக்காமல் நிற்கும் ஒரே ஆவணம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

இப்போது ஒரு கேள்வி. ஏன் போனார்கள்? பஞ்சம், வறட்சி, கங்காணியின் ஆசை வார்த்தை என்று பாடப்புத்தகம் சொல்லும். இவை எல்லாம் காரணம்தான். ஆனால் பஞ்சம் எல்லோருக்கும் வந்தது, மலைக்கு எல்லோரும் போகவில்லை. நிலமில்லாதவர், பண்ணையில் பரம்பரையாகக் கட்டுண்டவர், கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர் போனார். ஆள் போவதைப் பார்த்து முதலில் பதறியவர்கள் யார்? மிராசுதார்கள். பண்ணையாள் கடலைக் கடந்து போய்விட்டால் நடவுக்கும் அறுப்புக்கும் யார் என்று அரசிடம் முறையிட்டார்கள். அடிமையை இழக்கிறவன்தான் முதலில் கத்துவான். ஆக, அந்தப் பயணத்தில் சிக்குவதும் இருந்தது, தப்பிப்பதும் இருந்தது. நம் முன்னோரை வெறும் ஏமாளிகளாகப் பார்க்காதீர்கள். பண்ணையாரின் வாசலில் கைகட்டி நிற்பதைவிட, முகம் தெரியாத மலையில் கைக்காசு கூலி மேல் என்று கணக்குப் போட்டு ஏறியவர்களும் அதில் உண்டு.

சரி, ஏறியதும் சாதி இறங்கிவிட்டதா?

1853இல் கார்ல் மார்க்ஸ் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். ரயில் இந்தியாவுக்கு நவீனத் தொழிலைக் கொண்டுவரும், சாதியைத் தாங்கி நிற்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையை அது கரைத்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. இன்றும் பலர் அப்படிச் சொல்வார்கள்: ஒரே பெட்டியில் உரசிக்கொண்டு உட்கார்ந்தால் தீட்டு எங்கே மிஞ்சும் என்று. கொஞ்சம் உண்மை இருக்கிறது. பேருந்தும் ரயிலும் திறந்துவிட்ட கதவுகளை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் பாபாசாகேப் அம்பேத்கர் வேறொரு ரயில் நிலையத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1901. அவருக்கு அப்போது பத்து வயதுகூட நிறைந்திருக்காது. சதாராவிலிருந்து கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடை, புதுத் தொப்பி. ஸ்டேஷன் மாஸ்டர் அன்போடு வந்து விசாரிக்கிறார். பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்திருப்பார். நாங்கள் மகர் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. திரும்பி அறைக்குள் போய்விட்டார். வண்டிக்காரர்கள் ஒருவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, அந்தச் சிறுவர்களே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வந்தான். ரயில் அவர்களை ஏற்றியது. நிலையத்துக்கு வெளியே ஊர் ஏற்றவில்லை.

நம்ம ஊரில் நிலையத்துக்கு உள்ளேயே ஏற்றவில்லை. தென்னிந்திய ரயில்வேயின் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. 'மற்றவர்கள்' என்ற அந்த இன்னொரு பலகைக்குக் கீழே தகர டிக்கெட்காரர் உட்கார்ந்து சாப்பிட முடிந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மலையிலும் அப்படித்தான். கங்காணிகளில் பலர் ஆதிக்க சாதியினர். ஊரில் யார் மேலோ அவர் அங்கேயும் மேல், கூடவே கடன் கணக்கும் அவர் கையில். லயங்களைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்த தோட்டங்கள் உண்டு. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னார். எல்லோரும் ஒரே கொழுந்தைக் கிள்ளினார்கள், ஒரே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தார்கள், ஒரே துரைக்குப் பயந்தார்கள். ஆனாலும் லயத்தில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை சாதியின் பெயரால் வந்தது. தண்டவாளம் மனிதரைத்தான் கடல் கடத்தும். சாதியை ஒழிக்க இயக்கம் வேண்டும்.

இனி அந்த நிலையத்தின் கடைசிக் காலத்துக்கு வருகிறேன். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. பெற்ற அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைச் சுமந்தவர்களுக்கு அந்த நாட்டில் ஓட்டு இல்லை. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அதையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் நடந்து 53ஆம் நாள் புயல் வந்தது. பாம்பன் பாலம் சிதைந்தது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. ஆக, தனுஷ்கோடி வழியாகப் போன தலைமுறையின் பிள்ளைகள் திரும்பி வரும்போது அந்த நிலையமே இல்லை. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பிறகு எங்கே போனார்கள்? அதே மண்டபம் முகாமுக்கு. தாத்தாவை அம்மை குத்தி அனுப்பிய இடத்தில் பேரனுக்கு அட்டை கொடுத்தார்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் அப்பத்தா அந்தக் கப்பலில் வந்தவர். மலையில் லயக் காம்பராவில் பிறந்தவர். அவருடைய அப்பா சின்ன வயசில் மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து தனுஷ்கோடி வழியாகப் போனவர். 1970களில் ஒரு தகரப் பெட்டி, இரண்டு கம்பளி, ஒரு குடும்ப அட்டையோடு அப்பத்தா திரும்பினார். ஊருக்கு வந்து அப்பாவின் பெயரைச் சொன்னதும் ஒரு பெரியவர் அடையாளம் கண்டுகொண்டாராம். அப்பத்தா சொல்வார்: "அம்பது வருசம் கழிச்சு எங்கப்பன் பேரு அந்தாளுக்கு ஞாபகம் இருந்துச்சுய்யா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அடுத்த நிமிசம் கையக் காட்டி, ஒங்க தெரு அந்தா இருக்குன்னான்." டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ் வைத்தார்கள். அங்கே 'தோட்டக்காட்டான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் ஏசினார்கள், இங்கே 'சிலோன்காரி' என்று கூப்பிட்டார்கள். சாதிப் பெயர் மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றாகவே இருந்தது.

அப்பத்தாவுக்குப் பேரன் பேத்திகள் இருக்கும் வீட்டில் கதை சொல்ல நேரம் கிடைத்தது. பலருக்கு அதுவும் இல்லை. தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினரை நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தினார்கள். மலையிலிருந்து வந்தவர் மறுபடி மலைக்கே. சிலரை நூற்பாலைகளுக்கு அனுப்பினார்கள். தொழில் கடன் என்று கொடுத்த தொகையைத் தரகர்கள் விழுங்கிய கதைகளை எங்கள் உறவினர் வீடுகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். 1980களில் கொடைக்கானல் மலைக்காடுகளில் மரம் வெட்டும் வேலையில் திரும்பி வந்தவர்கள் கொத்தடிமைகளாகக் கிடந்தது வெளியே வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வந்தார்கள். இந்தியச் சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாடு கண்ட மிகப் பெரிய இடப்பெயர்வுகளில் ஒன்று இது. நம் பாடப்புத்தகத்தில் எத்தனை வரி?

இது முடிந்துபோன கதை என்று நினைத்தால், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். 1983 வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களில் மலையகத் தமிழரும் கணிசமாக உண்டு. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டிய குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் அடக்கம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மண்டபம் முகாமில். திருச்சி கொட்டப்பட்டு முகாமில். இங்கே, மதுரை ஆனையூரில், திருவாதவூரில், உச்சப்பட்டியில் முகாம்கள் இருக்கின்றன. இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் டவுன் பஸ்ஸில் வந்த தூரம்தான்.

2019 ஜூனில், இதே ஊரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. முகாம்களில் வாழும் மலையகத் தமிழர் 65 பேர் எங்களுக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார்கள். எங்கள் முன்னோர் இந்த மண்ணிலிருந்து கூலியாகப் போனவர்கள், நாங்கள் அந்நியர் இல்லை என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அவர்கள் நிலையைப் பரிவோடு பார்த்தது. விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலித்து 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டுப் பெயர் அதில் இருக்கிறது. இலங்கை இல்லை. முஸ்லிம்களை வெளியே நிறுத்தியதற்காக நாம் தெருவில் இறங்கினோம், அது சரி. அதே சட்டம், இந்த மண்ணிலிருந்தே தகர டிக்கெட் கட்டி அனுப்பப்பட்டவர்களின் கொள்ளுப்பேரன்களையும் வெளியே நிறுத்தியது என்பதை எத்தனை மேடையில் சொன்னோம்?

சட்டத்தின் கண்ணில் அவர்கள் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள். அவர்களிடம் கேட்பது ஆவணம். உன் முன்னோர் இங்கிருந்து போனதற்கு என்ன சான்று? இந்தக் கேள்விக்கு முன்னால்தான் தனுஷ்கோடி நிலையம் எனக்கு முக்கியமாகிறது. போட் மெயிலில் போன முதல் வகுப்புப் பயணிக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது, கடிதம் இருந்தது, படம் இருந்தது. தகர டிக்கெட்டில் போனவருக்கு எண் இருந்தது. ஆண்டறிக்கையில் அவர் ஒரு தொகையின் பகுதி. அன்றைக்குப் பெயர் எழுத மறுத்த அதே அரசு இயந்திரம் நூறு வருடம் கழித்துப் பெயர் எங்கே என்று கேட்கிறது. ஆவணம் இல்லாதது தற்செயல் கிடையாது. யாருக்கு வரலாறு எழுத வேண்டும், யாரை எண்ணினால் போதும் என்று முடிவெடுத்ததில் சாதி இருக்கிறது.

அந்த நிலையத்தை மீட்கிறோம் என்றார்கள். 2019 மார்ச் 1 அன்று ராமேஸ்வரம்–தனுஷ்கோடிப் புதிய ரயில் பாதைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சுமார் 17 கிலோமீட்டர். 2025 ஏப்ரல் 6 அன்று, ராமநவமியில், புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நாளைக்குத் தனுஷ்கோடி நிலையம் மறுபடி எழுந்தால் அது யாத்திரை நிலையமாக, சுற்றுலா நிலையமாகத்தான் எழும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. பக்தர் போவதில் எனக்கு வருத்தமில்லை, அவரவர் நம்பிக்கை. மணலில் இன்னும் குடிசை போட்டு வாழும் மீனவக் குடும்பங்களை அந்தத் திட்டம் எங்கே தள்ளும் என்று கவலை இருக்கிறது. கூடவே இன்னொரு கவலை. ஒரு புராணப் பயணத்துக்குப் பாலமும் பாதையும் விழாவும் கிடைக்கிறது. லட்சக்கணக்கான உண்மைப் பயணத்துக்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

நான் ஆய்வு மாணவன். ஆய்வு மாணவர்கள் பேச்சை முடிக்கும்போது 'மேலும் ஆய்வு தேவை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இன்றைக்கு அப்படிச் செய்ய விரும்பவில்லை. மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதல் வேலை, முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழரின் குடியுரிமைக் கோரிக்கையைச் சாதி ஒழிப்பு இயக்கத்தின் கோரிக்கையாக எடுக்க வேண்டும். இது ஈழ அரசியல் பேசுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட்டோம். அவர்களில் பெரும்பாலோர் நம் தெருவிலிருந்து போனவர்கள். இது நம் விஷயம்.

இரண்டாவது, தனுஷ்கோடியிலும் மண்டபம் கேம்ப் நிலையத்திலும் தோட்டத் தொழிலாளருக்கு நினைவுச் சின்னம் கேட்க வேண்டும். அரசு செய்யும் என்று காத்திருக்காமல், வருகிற வருடம் ஒரு நாள் இங்கிருந்து ரயிலேறி நாமே அங்கே போய் நின்று அந்த வரலாற்றைச் சொல்லலாம். மதுரையிலிருந்து காலை ரயில் இருக்கிறது.

மூன்றாவது வேலைக்கு யார் அனுமதியும் வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். "நம்ம வீட்ல யாராவது சிலோனுக்குப் போனாங்களா?" என்று கேளுங்கள். மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துத் தலித் குடும்பங்களில் கேட்டால், இல்லை என்ற பதில் குறைவாகத்தான் வரும். பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், எந்த வருடம், யாரோடு. போனில் பதிவு செய்யுங்கள். பழைய பெட்டியில் அட்டை, கடுதாசி, போட்டோ இருந்தால் படம் எடுங்கள். நாளைக்கு ஒரு முகாம்வாசியின் மனுவில் அது சான்றாக நிற்கலாம்.

நான் இதைத் தாமதமாகத்தான் செய்தேன். அப்பத்தாவிடம் அவருடைய அப்பா எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கங்காணியோடு போனார் என்று கேட்கவில்லை. அப்போது அது முக்கியமாகத் தெரியவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

உங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்றால், இந்த வாரம் கேளுங்கள்.